கூகுள் தேடலில் எங்கள் ஆலோசனைத் தளம் கண்ணில் படத் தொடங்கியது எப்படி

எங்கள் இணையவழி உளவியல் ஆலோசனைத் தளம் தொடங்கி எட்டு மாதங்கள் ஆன பிறகுதான், எந்தச் சொற்களைத் தேடுகிறவர்கள் எங்களிடம் வந்து சேருகிறார்கள் என்று தள உரிமையாளர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் முதன்முறையாகப் பார்த்தேன். பட்டியலின் மேற்பகுதி முழுவதும் எங்கள் பெயர்களாகவே இருந்தது: தளத்தின் பெயர், அதே பெயரின் இரண்டு பிழையான வடிவங்கள், என் பெயர், உடன் பணிபுரியும் மூன்று ஆலோசகர்களின் பெயர்கள். யாரோ சொல்லி ஏற்கெனவே எங்களை அறிந்திருந்தவர்கள் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள். எங்களைக் கேள்விப்பட்டே இராத ஒருவர் உறக்கம் வராமல் நள்ளிரவில் கைப்பேசியை எடுத்துத் தம் நிலையைத் தட்டச்சு செய்தால், எங்கள் தளம் அவர் கண்ணில் படுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

நான் ஆலோசகர், தொழில்நுட்பம் படித்தவள் அல்ல. ஆகவே முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுபோல, எஸ்இஓ எனப்படும், தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் பணிகளைச் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் தளத்தை ஒப்படைத்ததுதான். மூன்று மாதங்களில் முதல் பக்கத்தில் இடம்பிடித்துத் தருவதாக அவர்கள் உறுதியளித்தார்கள். தேடல் முடிவில் இன்ன இடம் கிடைக்கும் என்று எவராலும் உறுதியளிக்க முடியாது என்பதைக் கூகுளே தன் வழிகாட்டிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதை நான் பின்னால்தான் படித்தேன். அவர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களை உருவாக்கினார்கள். எல்லாம் ஒரே கட்டுரை. ஊர்ப் பெயர் மட்டும் மாறியிருக்கும். நாங்கள் வீடியோ அழைப்பில் மட்டுமே அமர்வுகளை நடத்துகிறோம், அந்த ஊர்கள் எதிலும் எங்களுக்கு அலுவலகம் கிடையாது. இத்தகைய பக்கங்களைக் கூகுள் ‘டோர்வே’ பக்கங்கள் என்று பெயரிட்டுத் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்திருக்கிறது. முதல் சில வாரங்கள் அவற்றில் சில தேடலில் தலைகாட்டின. பிறகு பெரும்பாலானவை, கூகுள் வந்து பார்த்தும் இண்டெக்ஸில், அதாவது தேடலுக்கான தன் தொகுப்பில், சேர்க்காத பக்கங்களின் பட்டியலில் போய் விழுந்தன. அவற்றை முழுவதுமாக நீக்கிவிட்டு, ஒரே ஒரு பக்கத்தை எழுதி வைத்தோம்: எங்கள் ஆலோசகர்களில் யாருக்கு எந்தப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு ஆலோசனை வழங்கச் சட்டப்படி அனுமதி இருக்கிறது, எங்கே இல்லை என்று சொல்லும் பக்கம். இணையத்துக்கு எல்லை இல்லாவிட்டாலும் தொழில் உரிமத்துக்கு எல்லை உண்டு என்பதால், ஊர்ப் பெயர் இடம்பெற வேண்டிய நியாயமான இடம் அது ஒன்றுதான்.

அடுத்ததாக எங்கள் சொற்களே எங்களுக்குத் தடையாக இருந்ததைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சேவைகள் என்ற தலைப்பின் கீழ் நாங்கள் வைத்திருந்த பக்கங்களின் பெயர்கள் அனைத்தும் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை: அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஏற்பும் உறுதிப்பாடும் சார்ந்த சிகிச்சை, அதிர்ச்சி சார்ந்த ஆலோசனை. அவதிப்படுகிற ஒருவர் சிகிச்சை முறையின் பெயரைத் தேடுவது அரிது. அவர் தம் உடம்பிலும் வீட்டிலும் நடப்பதைத்தான் தேடுவார். நாங்கள் நால்வரும் ஒரு மாலை முழுவதும் அமர்ந்து, முதல் அமர்வில் மனிதர்கள் பொதுவாக எப்படிப் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்பதை நினைவுகூர்ந்து எழுதினோம். எந்த ஒரு தனிநபரையும் அடையாளம் காட்டக்கூடிய வாக்கியம் எதுவும் அதில் வரக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். ‘படுத்தால் மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது’, ‘காரணமே இல்லாமல் அழுகை வருகிறது’, ‘கணவர் கவுன்சலிங்குக்கு வர மறுக்கிறார்’ போன்ற வாக்கியங்கள் ஏறத்தாழ நூறு சேர்ந்தன. பிறகு அவற்றைக் கூகுளில் தட்டச்சு செய்து, அது தானாக நிரப்பிக் காட்டும் தொடர்களையும், மக்கள் கேட்கும் தொடர்புடைய கேள்விகளாக அது காட்டுபவற்றையும் குறித்துக்கொண்டோம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று, பலர் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறார்கள். அதற்காகப் பக்கத்தின் நடுவே ஆங்கில எழுத்துத் தமிழைத் திணித்தால் படிப்பவருக்கு அருவருப்பாக இருக்கும். நாங்கள் அதைச் செய்யவில்லை. பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அமைத்தோம். தமிழ் எழுத்தில் உள்ள முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் நிறைந்த நீளச் சங்கிலியாக மாறி, பார்ப்பவருக்கு ஏதோ மோசடி இணைப்பு என்ற எண்ணத்தைத் தந்துவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். மற்றொன்று சற்று ஆழமானது. தொழில்முறையில் நாங்கள் மனச்சோர்வு என்பதையும் மன அழுத்தம் என்பதையும் வேறுபடுத்துகிறோம்; பேச்சுவழக்கிலும் செய்திகளிலும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது. மனச்சோர்வு பற்றி நாங்கள் கவனமாக எழுதிய பக்கத்துக்கு யாரும் வராததற்கும், மன அழுத்தம் பற்றிய மேலோட்டமான பக்கத்துக்கு வந்தவர்கள் உடனே திரும்பிப் போனதற்கும் காரணம் அதுவே. இப்போது அந்த இரண்டாவது பக்கம், வேலைப்பளுவால் வரும் அழுத்தத்தையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வையும் ஆர்வமின்மையையும் முதல் பத்தியிலேயே பிரித்துக் காட்டி, அவரவரை உரிய பக்கத்துக்கு அனுப்புகிறது. அகராதி சொல்வதை விட்டுக்கொடுக்காமலேயே மக்கள் சொல்லும் சொல்லில் கதவைத் திறக்க முடியும்.

சர்ச் கன்சோல் காட்டும் பட்டியலை முழுப் படமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மிகச் சிலரே தேடிய தொடர்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதி, கூகுள் அதில் காட்டுவதில்லை. எங்கள் துறையில் தேடல்கள் நீளமாகவும் தனிப்பட்டவையாகவும் இருப்பதால் வெளியே தெரியாத பகுதி கணிசமானது. பட்டியலில் உள்ள கிளிக்குகளைக் கூட்டிப் பார்த்தால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு தொடக்கத்தில் நான் குழம்பிப்போனேன்.

ஒரு பக்கத்தை நாங்கள் மாற்றி எழுதிய விதத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பழைய பக்கத்தின் தலைப்பு ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை – எங்கள் சேவைகள்’ என்றிருந்தது. முதல் வாக்கியம்: ‘அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது 1960களில் ஆரோன் பெக் உருவாக்கிய, ஆய்வுச் சான்றுகளைக் கொண்ட உளச்சிகிச்சை முறையாகும்.’ பிழை ஏதும் இல்லை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. புதிய பக்கத்தின் தலைப்பை ‘நெஞ்சு படபடக்கிறது, இசிஜி சரியாக இருக்கிறது: பேனிக் அட்டாக்காக இருக்குமா?’ என்று வைத்தோம். தொடக்கம் இப்படி அமைந்தது: ‘திடீரென்று மூச்சு முட்டுகிறது, கைகள் மரத்துப்போகின்றன, இத்தோடு உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. மருத்துவமனைக்குப் போனால் இதயத்தில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். இந்த அனுபவம் பொய்யல்ல. நீங்கள் கற்பனை செய்யவும் இல்லை.’ அடுத்த பத்தியிலேயே, இத்தகைய அறிகுறி முதன்முறையாக வருகிறது என்றாலோ இதுவரை மருத்துவரைப் பார்க்கவில்லை என்றாலோ முதலில் மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெளிவாக எழுதினோம். அதன் பிறகு, பேனிக் அட்டாக் பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணிவது, அடுத்தது எப்போது வருமோ என்ற அச்சமே அதை வளர்ப்பது, அமர்வுகளில் நாங்கள் என்ன செய்வோம் என்பது ஆகியவை வந்தன. சிகிச்சை முறையின் பெயர் ஐந்தாவது பத்தியில்தான் வருகிறது. ஆரோன் பெக் அங்கிருந்து இணைக்கப்பட்ட தனிப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறார்.

இந்தப் பக்கம் தேடல் முடிவுகளில் தென்படத் தொடங்க ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. உடல்நலம், பணம், பாதுகாப்பு சார்ந்த பக்கங்களைக் கூகுள் கூடுதல் கண்டிப்போடு மதிப்பிடுவதால், புதிய தளத்துக்கு இந்தக் காத்திருப்பு இயல்பானதே. 2018 ஆகஸ்டில் வந்த பெரிய அல்காரிதம் மாற்றத்தில் நலவாழ்வு சார்ந்த தளங்கள் மிகுதியாக ஆட்டம் கண்டதால், எஸ்இஓ துறையினர் அதற்கு ‘மெடிக்’ அப்டேட் என்றே பெயர் வைத்தார்கள். தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் தரும் கூகுளின் தர மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டி நெறிகள் நிபுணத்துவம், அதிகாரம், நம்பகத்தன்மை என்ற மூன்றைப் பேசிவந்தன. 2022 டிசம்பரில் நேரடி அனுபவம் என்பதையும் அவற்றோடு சேர்த்தார்கள். அந்த மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பெண் நம் பக்கத்தின் இடத்தை நேரடியாக மாற்றுவதில்லை. இருந்தாலும் அந்த வழிகாட்டியை ஒருமுறை பொறுமையாகப் படிப்பது பத்து எஸ்இஓ வீடியோக்களைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

அதைப் படித்த பிறகு எங்கள் தளத்தைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கட்டுரைகளின் கீழே எழுதியவர் என்ற இடத்தில் ‘அட்மின்’ என்றிருந்தது. சோபாவில் சாய்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு பெண்ணின் விலைக்கு வாங்கிய படம் முகப்பில் இருந்தது. எங்களில் யாரும் அவரைச் சந்தித்ததில்லை. இப்போது ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகியவை இருக்கின்றன. பெயரைச் சொடுக்கினால் அந்த ஆலோசகரின் படிப்பு, பதிவு எண், அந்த எண்ணைச் சரிபார்க்கக்கூடிய பதிவு அமைப்பின் பக்கத்துக்கான இணைப்பு, அவர் எந்தப் பிரச்சினைகளை ஏற்பதில்லை என்ற குறிப்பு எல்லாம் உண்டு. இதே தகவல்களைத் தேடுபொறிகள் எளிதில் புரிந்துகொள்ளும் ஸ்கீமா குறியீடாகவும் பக்கத்துக்குள் சேர்த்தோம். அது இரண்டு மணி நேர வேலை. தகவல்களைத் திரட்டுவதற்கு எங்களுக்கே இரண்டு வாரங்கள் ஆனது வேறு கதை. எந்தப் பிரச்சினைகளை ஏற்பதில்லை என்று எழுதலாமா என்பதில்தான் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. எழுதினோம், பொருந்தாத விசாரணைகள் குறைந்தன. பழைய நிறுவனம் மொத்தமாக ஏற்றியிருந்த முப்பது கட்டுரைகளில் ஆறைத் திருத்தி வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினோம். உள்ளடக்கத்தைத் தொடாமல் தேதியை மட்டும் புதுப்பிக்கும் பழக்கத்தையும் அத்துடன் விட்டோம்.

பக்கங்கள் மெல்ல ஏறத் தொடங்கிய நேரத்தில் ஒரு விபத்து நடந்தது. தளத்தின் வடிவமைப்பைப் புதுப்பித்தவர், சோதனைப் பிரதி தேடலில் வந்துவிடக் கூடாது என்பதற்காக எல்லாப் பக்கங்களிலும் ‘நோஇண்டெக்ஸ்’ குறிச்சொல்லைப் போட்டிருந்தார். வெளியிடும்போது அதை எடுக்க மறந்துவிட்டார். பார்ப்பவருக்குத் தளம் அழகாகத் தெரிந்ததால் எங்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மூன்றாவது வாரம் விசாரணைகள் ஏறத்தாழ நின்றுபோன பிறகுதான் சர்ச் கன்சோலின் பக்கங்கள் அறிக்கையைத் திறந்து, எங்கள் தளமே எங்களை விலக்கி வைத்திருப்பதைக் கண்டேன். குறிச்சொல்லை எடுப்பது ஐந்து நிமிட வேலை; பழைய நிலைக்குத் திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. சோதனைப் பிரதியை மறைக்கக் கடவுச்சொல் போடுவதே போதுமானது, மேலானது. தளத்தில் எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடைசெய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கூகுள் அந்தப் பக்கத்தைப் படிப்பதைத்தான் தடுக்கிறது, வேறெங்கிருந்தாவது இணைப்பு இருந்தால் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கலாம். அதுமட்டுமன்றி, படிக்கவே விடாத பக்கத்தில் உள்ள நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லைக் கூகுளால் காணவும் முடியாது.

பிற தொழில்களுக்குச் சொல்லப்படும் ஆலோசனைகளில் எவற்றை நாம் செய்யக் கூடாது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வாடிக்கையாளர்களிடம் விமர்சனங்களைக் கேட்டுப் பெறுங்கள் என்பது அவற்றில் முதலாவது. தற்போது சிகிச்சை பெறுபவர்களிடமும், செல்வாக்குக்கு எளிதில் உட்படக்கூடிய நிலையில் உள்ள மற்றவர்களிடமும் பாராட்டுரை கேட்கக் கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறநெறிக் கோவை சொல்கிறது. அந்தக் கோவை நம்மைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அதன் நியாயம் எங்கும் பொருந்தும்: தம் இரகசியங்களை நம்மிடம் வைத்திருப்பவர், நாம் கேட்டால் மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறார். தானாக யாரேனும் எழுதினாலும், அவர் எங்களிடம் வந்தார் என்பதை உறுதிப்படுத்தும் விதமாக நாங்கள் பதில் எழுதுவதில்லை. ‘மீண்டும் சந்திப்போம்’ என்று நன்றி சொல்வதுகூட இரகசியத்தை உடைப்பதாகிவிடும். தவிர, சொந்தத் தளத்தில் தன்னைப் பற்றியே தான் வெளியிடும் மதிப்புரைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டுவதைக் கூகுள் 2019லேயே நிறுத்திவிட்டது. ஆகவே தேடலுக்காக இந்தத் தவறைச் செய்வதில் ஆதாயமும் இல்லை.

இரண்டாவது, கண்காணிப்பு நிரல்கள். விளம்பரத்துக்காகச் சமூக ஊடக நிறுவனமொன்றின் பிக்சல் என்ற கண்காணிப்பு நிரலை எங்கள் தளத்தில் பொருத்தியிருந்தார்கள். ஒருவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதை அது வெளியே அனுப்பும். எங்கள் பக்கங்களின் முகவரியே அவர் எதனால் அவதிப்படுகிறார் என்பதைச் சொல்லிவிடும் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் நலம் சார்ந்த கேள்விகளுக்கு அவர்கள் அளித்த விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்ததாகக் குற்றஞ்சாட்டி, பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழிச் சிகிச்சை நிறுவனத்தை 78 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவே எல்லாவற்றையும் கழற்றினோம். அரட்டைப் பெட்டி, வருகிறவர்கள் பக்கத்தில் எங்கே சொடுக்குகிறார்கள் என்று காட்டும் வெப்பவரைபடம், பிக்சல் எல்லாம் போயின. எதிர்பாராத பலனாகத் தளத்தின் வேகம் கூடியது. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முகப்பில் ஓடிக்கொண்டிருந்த கடலலை வீடியோவையும் எடுத்த பிறகு, பழைய கைப்பேசிகளிலும் அதற்குள் அடங்கிவிட்டது. (அந்த வீடியோவை எடுக்க வேண்டாம் என்று கடைசிவரை வாதாடியது நான்தான்.)

தற்கொலை எண்ணம் தொடர்பான தேடல்களில் இடம்பிடிக்க நாங்கள் முயல்வதே இல்லை. அந்தத் தேடலுக்குப் பல நாடுகளில் உதவி எண்ணே முதலில் காட்டப்படுகிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். முன்பதிவு செய்து மறுநாள் பேசும் சேவை அந்த நேரத்துக்கானது அல்ல என்பதால், எங்கள் எல்லாப் பக்கங்களின் மேலும் உடனடி உதவிக்கான குறிப்பை வைத்திருக்கிறோம்.

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் ஒரு தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில்களுக்கே அது உரியது. முற்றிலும் இணையவழியாக இயங்கும் சேவை அதற்குத் தகுதி பெறாது. வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்தால் என்றைக்காவது முடக்கப்படும். ஆலோசகரின் வீட்டு வாசலில் யாரோ வந்து நிற்கும் ஆபத்தும் உண்டு. வெளி இணைப்புகளைப் பொறுத்தவரை நாங்கள் விலைக்கு எதையும் வாங்குவதில்லை. தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் பக்கம், நாங்கள் உரையாற்றிய நிகழ்ச்சிகளின் அறிவிப்புகள் ஆகியவற்றிலிருந்து வந்தவை சிலவே. அந்தச் சிலவே இப்போதைக்கு எங்களுக்குப் போதுமானவையாக இருந்திருக்கின்றன.

2024 முதல் தேடல் முடிவுகளின் மேலே ஏஐ எழுதும் சுருக்கங்கள் வரத் தொடங்கிய பின், ‘பதற்றம் என்றால் என்ன’ என்ற வகை விளக்கப் பக்கங்களுக்குக் கிளிக்குகள் எங்களுக்குக் குறைந்தன. அதனால் அவற்றில் நேரம் செலவிடுவதைக் குறைத்துவிட்டு, எங்களைத் தவிர வேறு யாராலும் விடை சொல்ல முடியாத கேள்விகளுக்குத் திரும்பினோம்: கட்டணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் பணம் திரும்புமா, அமர்வு பதிவு செய்யப்படுமா, குறிப்புகளை யார் படிப்பார்கள், வீட்டில் தனி அறை இல்லாதவர் எங்கிருந்து பேசுவது, கேமராவை அணைத்துவிட்டுப் பேசலாமா. ‘முதல் அமர்வில் என்ன நடக்கும்’ என்ற பக்கத்தை நிமிடவாரியாக எழுதினோம்: அழைப்பு இணைந்ததும் ஆலோசகர் முதலில் சொல்லும் வாக்கியம், சம்மதப் படிவத்தைப் பற்றிய பேச்சு, அழுகை வந்தால் அவசரப்படுத்த மாட்டோம் என்பது, கடைசிப் பத்து நிமிடங்களில் அடுத்து என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பது. எங்கள் பெயரை அறியாமல் தேடி வருகிறவர்களில் மிகுதியானோர் இப்போது இந்தப் பக்கத்தின் வழியாகவே முன்பதிவுப் படிவத்துக்குப் போகிறார்கள்.

கண்காணிப்பு நிரல்களைக் கழற்றிவிட்டதால், யார் எத்தனை முறை வந்து படித்துவிட்டுப் பதிவு செய்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகப் படிவத்தின் இறுதியில் ‘எங்களை எப்படி அறிந்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமற்றதாகச் சேர்த்திருக்கிறோம். பாதிப்பேர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மீதிப்பேரில் பெரும்பாலோர் ‘கூகுள்’ என்று ஒரே சொல்லை எழுதுகிறார்கள். ஒருவர் மட்டும், கேமரா இல்லாமலும் பேசலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார்.